சிலுவையம்மாளின் பதினொரு இணைப்புகள்

தொலைபேசி வேண்டாம் என்று சிலுவையம்மாள் எழுதிக் கொடுத்த நாளிலிருந்துதான் அவளுக்குத் தொலைபேசிகள் சேர ஆரம்பித்தன.

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், மார்ச் மாதம். காலடிப்பேட்டையில் காத்தூன் பீவி வீட்டை ஒட்டிய சந்தில், எட்டடிக்கு ஆறடி ஓட்டுச் சாய்ப்பு ஒன்றில் அவள் குடியிருந்தாள். வயது அறுபத்தெட்டு. புருஷன் காலமாகிப் பதினேழு வருஷம். பிள்ளை கிடையாது. காசிமேட்டில் முப்பது வருஷம் இறால் உரித்தாள். ஐஸிலேயே கிடந்த விரல்கள் ஒருநாள் மடங்க மறுத்தன. கொஞ்ச நாள் கழித்து நிமிரவும் மறுத்தன. அதற்கப்புறம் ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை, மாதம் இருநூறு ரூபாய், மணியார்டரில் வந்துகொண்டிருந்தது. நூற்றைம்பது சாய்ப்புக்கு வாடகை. மீதியில் மற்றதெல்லாம். மற்றதெல்லாம் என்பதில் அதிகமாக ஒன்றும் இல்லை.

அந்த வருஷம்தான் ‘மூத்தோர் நலன் மற்றும் தொலைத்தொடர்புச் சலுகைகள் ஒருங்கிணைப்புப் பிரிவு’ என்ற அலுவலகத்தைத் திறந்தார்கள். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாக அமைந்துவிட்டதால், ‘ஒருங்கிணைப்புப் பிரிவு’ என்ற கடைசி இரண்டு சொற்கள் பக்கத்துப் பிரியாணிக் கடைச் சுவரில் இருந்தன. முதியோர் பேச்சுத்துணை இல்லாமல் வாடுகிறார்கள் என்று ஒரு குழு பதினான்கு கூட்டம் போட்டுக் கண்டுபிடித்திருந்தது. ஆகவே உதவித்தொகை வாங்கும் ஒவ்வொருவருக்கும் பாதி வாடகையில் ஒரு தொலைபேசி. திட்டத்தின் பெயர் ‘மூத்த குரல்’. பாதி வாடகை அறுபது ரூபாயை உதவித்தொகையிலேயே பிடித்துக்கொள்வார்கள். வயதானவர்கள் பணம் கட்ட வரிசையில் நிற்கக் கூடாதே என்கிற பரிவுதான். தொலைபேசி வேண்டாதவர்கள் மார்ச் முப்பத்தொன்றுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர்கள் வேண்டியவர்களாகக் கருதப்படுவார்கள்.

சிலுவையம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. ஆனால் இருநூறில் அறுபது போனால் நூற்று நாற்பது, சாய்ப்புக்கு நூற்றைம்பது என்பது அவளுக்குப் படிக்காமலே தெரிந்தது.

அலுவலக வாசலுக்கு எதிரே மனு எழுதும் கோதண்டம் உட்கார்ந்திருப்பார். சோளிங்கர் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு என்று ஐந்து அங்கமும் இருந்தால்தான் அது மனு, ஒன்று குறைந்தாலும் புலம்பல் என்று அங்கே தமிழய்யா சொல்லிக் கொடுத்ததை முப்பது வருஷமாக மீறாதவர்.

“நைனா, போனு வாணாம்னு எய்திக் குடு. ஒரே வரி போதும்.”

“ஒரே வரில எழுதுனா ஒரே நாள்ல கிழிச்சிருவான் ஆயா. எதுக்கு வாணாம்? காரணம் சொல்லு.”

“பேச ஆளில்ல.”

“அப்டி எழுதக் கூடாது. அப்பால ஆளையும் அவங்களே குடுத்து, அதுக்கும் துட்டு புடிச்சிப்பாங்க.”

கடைசியில் ‘காது மந்தம் காரணமாக’ என்று எழுதினார். சிலுவையம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ரேஷன் கார்டு நகல், போன மாத மணியார்டர் துண்டு, புகைப்படம் ஆகியவற்றைப் பின்னால் வைத்துக் குத்தினார். அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு, ‘இணைப்பு: 3’ என்று முடித்தார். பார்க்க அழகாக இருந்தது.

ஏப்ரலில் மணியார்டர் வரவில்லை.

சிலுவையம்மாள் பிரிவுக்குப் போனாள். கணினி இருந்த குளிர் அறைக்குள் நுழையச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று பலகை வைத்திருந்தார்கள். அவள் செருப்புப் போட்டதே இல்லை, அதனால் அந்த விதி அவளை ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு அவளை ஒன்றும் செய்யாத ஒரே விதி அதுதான். கணினிக்குக் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தது. அதன் முன்னால் ரமாபாய் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். புளியந்தோப்பிலிருந்து வருகிறவள், அதட்டாமல் பேசுகிறவள்.

“ஆயா, உனுக்கு மூணு போனு கீதே.”

“எங்க கீது?”

“உன் வூட்லதான்.”

“என் வூட்லயா? நா பாக்கலியேம்மா.”

“நீ பாக்கலன்னா? கம்ப்யூட்டர்ல கீது. தோ பாரு, இணைப்புகள், மூணு. ஒரு போனுக்குத்தான் சலுக. ஒண்ணுக்கு மேல வெச்சினு கீறவங்க ஆதரவற்றவங்க இல்லன்னு ரூல்ஸு. அதான் பணத்த நிறுத்திட்டாங்க.”

தான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் யாராவது வந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்களோ என்று சிலுவையம்மாளுக்குத் தோன்றிவிட்டது. வீட்டுக்குப் போய்த் தகரப் பெட்டியை நகர்த்திப் பார்த்தாள். பாயைச் சுருட்டிப் பார்த்தாள். மாதா படத்துக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். மூன்றில் ஒன்றுகூட இல்லை.

கோதண்டத்துக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தான் எழுதிய மனுவை எவனோ சரியாகப் படிக்கவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இரண்டாவது மனுவை இரண்டு நாள் எழுதினார். பழைய மனுவின் நகல், ரேஷன் கார்டு, வீட்டுக்காரி காத்தூன் பீவியின் கடிதம், மாதா கோயில் சாமியாரின் கடிதம், அப்புறம் சாய்ப்பின் உள்ளே எடுத்த ஒரு புகைப்படம். படத்தில் சிலுவையம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடப்பக்கம் தொலைபேசி இல்லை. வலப்பக்கமும் இல்லை. அடியில் சிவப்புக் கோடு. ‘இணைப்பு: 5’.

மே மாதம் போனபோது ரமாபாய் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

“ஆயா, எட்டு ஆயிடிச்சி!”

“எட்டா?”

“மின்ன மூணு, இப்ப அஞ்சி. இன்னா ஆயா, வாணாம் வாணாம்னு சொல்லிகினே வாங்கிகினு கீற?”

அவள் அச்செடுத்துக் கொடுத்த தாளைச் சிலுவையம்மாள் கொண்டுபோய் நீட்டினாள். கோதண்டம் படித்தார். ‘இணைப்புகள்: 3 + 5 = 8’ என்ற வரிக்கு வந்தவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடியும் படித்தார். 

“ஆயா, நான் போட்ட இணைப்பு வேற, அவன் படிச்ச இணைப்பு வேற.”

“புரியறாப்ல சொல்லு நைனா.”

“மனுவோட சேத்துக் குத்துற தாளுக்கு இணைப்புன்னு பேரு. போன் கனெக்‌ஷனுக்கும் இணைப்புன்னுதான் பேரு. நான் தாளுக்குக் கணக்குப் போட்டேன். அவன் தாள எண்ணி போனுன்னு ஏத்திகினு கீறான்.”

சிலுவையம்மாள் யோசித்தாள். “அப்ப தாளு வெக்காம குடு.”

அதைக் கேட்ட மாத்திரத்தில் கோதண்டத்துக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் எழுதினார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக நாலே அங்கம் உள்ள மனு. கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாம் நாள் அது முத்திரையோடு திரும்பி வந்தது: ‘உரிய ஆதாரங்கள் இணைக்கப்படவில்லை. தள்ளுபடி.’

அதற்குள் ஜூன் பிறந்திருந்தது. காத்தூன் பீவி கெட்டவள் இல்லை. சந்து முனையில் நின்று தொண்டையைச் செருமினாள்.

“அக்கா, நா ஒன்னியும் கேக்கல. எங்கூட்டுக்காரரு உயிரோட இருந்தா கேட்டிருப்பாரு. நா கேக்கல. ஆனா மூணு மாசம் ஆவுதுன்னு நெனப்பு மட்டும் வந்துகினே கீது.”

“எனுக்கும் வருது பீவி” என்றாள் சிலுவையம்மாள்.

மறுநாள் கோதண்டமும் அவளும் பிரிவு அலுவலர் பாரியைப் பார்க்கப் போனார்கள். அறைச் சுவரில் ஒரு பெரிய வரைபடம். ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு முதியவருக்கு எத்தனை இணைப்பு என்று வண்ணக் கோடுகள் வரைந்திருந்தன. காலடிப்பேட்டைக் கோடு தாளைத் தாண்டிப் போய்விட்டதால் மேலே இன்னொரு தாள் ஒட்டியிருந்தார்கள். பாரி எழுந்து வணங்கினார். அவர் யாரையும் நிற்கவைத்துப் பேசுவதில்லை.

“அமருங்கள் அம்மா. உங்களைச் சந்திக்க வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.”

கோதண்டம் விஷயத்தை எடுத்துச் சொன்னார். இரண்டு பொருளையும் தனித்தனியாக, உதாரணத்தோடு. பாரி நடுவில் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டார்.

“ஐயா, எனக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? நான் தமிழ் முதுகலை. ‘இணைப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்பது முதல் மனுவிலேயே எனக்குப் பட்டுவிட்டது. இந்த அம்மாவிடம் தொலைபேசி ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது கோப்பில் ஏறாது. எனக்குத் தெரிந்ததை வைத்து நடக்க ஆரம்பித்தால், நாளைக்கு எனக்குத் தெரியாததற்கும் நானே பொறுப்பு என்பார்கள்.”

“கம்ப்யூட்டர்ல திருத்தலாமே சார்?”

“கணினிக்கு ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். இரண்டாவது பொருள் வாங்குவதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறோம். அதுவரை திருத்தம் வேண்டுமென்றால் மனுக் கொடுங்கள். மூன்று ஆதாரங்களுக்குக் குறையாமல் இணைத்து.”

“இணைச்சா எண்ணிக்க ஏறுமே?”

“ஏறும். அது உங்கள் விருப்பம்.”

அவர் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இளகியது.

“உண்மையைச் சொன்னால், அம்மா, உங்களால்தான் காலடிப்பேட்டை முதலிடத்தில் இருக்கிறது. போன மாத ஆய்வுக் கூட்டத்தில் மேலிடம் என் பெயரைச் சொல்லிப் பாராட்டியது. ஒரே மூதாட்டிக்கு எட்டு இணைப்பு, இனி அவருக்குத் தனிமை எப்படி வரும் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. தன்னைப் பற்றித் தானே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான்.”

சிலுவையம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “ஐயா, ரூமுக்கு வாடக குடுக்கணும். அந்த எரநூறு வந்தா போதும். போனு எட்டோ எண்பதோ, அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“அதைத்தானே செய்ய முடியவில்லை! ஒரு தொலைபேசி உரிமை. இரண்டு வசதி. எட்டுத் தொலைபேசி வைத்திருப்பவரை ஆதரவற்றவர் என்று நான் எழுதினால், ஒன்றுமே இல்லாத ஏழைகள் மனசு என்ன பாடுபடும்? அவர்களையும் நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?”

ஒன்றுமே இல்லாத ஏழைகளை நினைத்துச் சிலுவையம்மாளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

மூன்று ஆதாரம் வைத்து மனுக் கொடுத்தார்கள். எண்ணிக்கை பதினொன்று ஆயிற்று. வரைபடத்துக்கு மேலே கூரை வந்துவிட்டதால் இனிமேல் தாள் ஒட்ட இடம் இல்லை.

ஜூலையில், அலுவலக உதவியாளர் டில்லிபாபு அவளைப் பிரியாணிக் கடைப் பக்கம் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். வண்ணாரப்பேட்டைக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது.

“ஆயா, இல்லாதத இல்லன்னு சொன்னா இவனுங்க ஒத்துக்கவே மாட்டானுங்க. நானும் பாத்துகினேகீறேன். கீதுன்னு சொல்லு. கீதுன்னு சொல்லி, அத்தத் திருப்பிக் குடுத்துரு. ஒப்படைப்புப் படிவம்னு ஒண்ணு கீது. பதினொண்ணையும் மேஜ மேல வெச்சி ரசீது வாங்கினா, கணக்கு பூஜ்யம். முட்ஞ்சிபோச்சி.”

“பதினோரு போனுக்கு நா எங்க போவேன்?”

“காயலாங்கடைக்குப் போ.”

காத்தூன் பீவியின் தம்பி காஜா மொய்தீன் வண்ணாரப்பேட்டையில் காயலாங்கடை வைத்திருந்தார். சிலுவையம்மாளும் கோதண்டமும் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் பீடியை அணைத்துவிட்டார்.

“பதினொண்ணா? இன்னா ஆயா, கம்பெனி வெக்கப் போறியா?”

“இல்லப்பா. மூடப் போறேன்.”

பழைய இரும்புக்கு நடுவில் துழாவி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சுழற்றுகிற கறுப்பு ரகம் ஆறு, பட்டன் வைத்தது மூன்று, ரிசீவர் இல்லாத பச்சை ஒன்று. உள்ளே இருந்த செம்பையெல்லாம் எப்போதோ உருவி விற்றுவிட்டாராம், வெறும் ஓடுதானாம். அவர்களுக்கு அது போதும் என்றார் கோதண்டம். பத்துக்கு மேல் கிடைக்கவில்லை. கடைசியில் காஜா மொய்தீன் வீட்டுக்குள் போய், அழுத்தினால் பாட்டுப் பாடும் ஒரு ரோஸ் நிறப் பொம்மை டெலிபோனைக் கொண்டுவந்தார். “எண்ணிக்கைக்கு வெச்சிக்க.” எடைக்கான பணத்தைக் கோதண்டம் கொடுத்தார். சிவப்பு மையால் கோடு போட்டவர் அவர்தானே.

மீன்பாடி வண்டியில் பதினொன்றையும் ஏற்றி, மேலே பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு போனார்கள். பிரிவில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். பாரி ஒவ்வொன்றையும் தானே கையில் எடுத்துப் பார்த்துப் பதிவு செய்தார். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரமாபாய் ஒரு பட்டனை அழுத்தினாள். அது ஏதோ ஒரு இந்திப் பாட்டை ஆரம்பித்தது. எல்லோரும் முடியும்வரை நின்று கேட்டார்கள். ‘இசை வசதியுடன் கூடியது’ என்று பாரி எழுதினார்.

பிறகு எழுந்து நின்று பேசினார்.

“நண்பர்களே, கொடுப்பது எங்கள் கடமை. அதைத் திருப்பிக் கொடுப்பது இந்த அம்மாவின் பெருந்தன்மை. இந்தப் பதினொன்றும் எப்போது, யாரால், எதற்காகக் கொடுக்கப்பட்டன என்று நம்மிடம் ஒரு தாளும் இல்லை. இருந்தும் திரும்பி வந்திருக்கின்றன. ஒரு திட்டம் வெற்றி பெற்றுவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?”

கைதட்டினார்கள். வழக்கத்தால் சிலுவையம்மாளும் தட்டினாள்.

“இனி பணம் வந்துருமா ஐயா?”

“கட்டாயம் வரும். ஓர் ஆண்டு பொறுங்கள். பதினொரு தொலைபேசி வைத்திருந்தவர் மறுபடியும் வாங்க மாட்டார் என்பதற்கு என்ன உறுதி? ஓராண்டுக் கண்காணிப்பு. அதன்பின் புதிதாக விண்ணப்பிக்கலாம். மூன்று ஆதாரங்களுக்குக் குறையாமல்.”

வெளியே வந்ததும் கோதண்டம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “வுடு நைனா” என்றாள் அவள். கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. தண்ணி தவித்தது, பிரியாணிக் கடையில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள்.

பிரச்சினை இப்போது பிரிவுக்குத்தான். பதினொரு தொலைபேசியும் பாரியின் மேஜையை அடைத்துக்கொண்டன. கோப்பு வைக்க இடம் இல்லை. ஒப்படைக்கப்பட்ட பொருளை மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதுவும் ஒப்படைத்தவருடைய பேட்டையிலேயே, அதுவும் தகுதியான கட்டடத்தில் என்று விதி. தொலைபேசிகளைத் தாங்கும் தகுதியுள்ள கட்டடம் காலடிப்பேட்டையில் எது என்று ரமாபாய் கணினியில் தேடினாள். ஏற்கெனவே பதினொரு இணைப்பு இருந்ததாகப் பதிவான இடம் ஒன்றே ஒன்று வந்தது. காத்தூன் பீவி வீட்டுப் பக்கச் சந்து, ஓட்டுச் சாய்ப்பு. அரசு நிர்ணயித்த வாடகை மாதம் அறுநூறு.

காத்தூன் பீவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது நிஜமான அழுகை.

“அக்கா, நா இன்னா பண்ணுவேன்? நாலு மாசமா வாய் தொறந்தேனா? அறுநூறுக்கா. சர்க்காரு துட்டு, மாசம் தவறாது. நீயே சொல்லு, வாணாம்னு நா எப்டி எய்திக் குடுப்பேன்?”

“எய்தி மட்டும் குடுத்துறாத பீவி” என்றாள் சிலுவையம்மாள்.

“சந்துல கட்டில் போட்டுக்கக்கா. அதுக்கு வாடக கெடியாது. மேல தார்ப்பாய் கட்டித் தரச் சொல்றேன்.”

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தகரப் பெட்டியையும் மாதா படத்தையும் வெளியே வைத்தார்கள். மரத்தட்டுகள் அடித்து, பதினொன்றையும் எண் ஒட்டி உள்ளே வைத்து, பூட்டி முத்திரை வைத்தார்கள். சிலுவையம்மாள் சந்தில், பூட்டிய கதவுக்கு எதிரே, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாடகை அன்றைக்கே வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதியே வந்தது.

பணத்தோடு டில்லிபாபு ஒரு படிவமும் கொண்டுவருவார். பொருள்கள் நல்ல நிலையில் உள்ளன என்று அக்கம்பக்கத்தவர் ஒருவர் மாதாமாதம் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். தராவிட்டால் வாடகை நின்றுவிடும். அந்தச் சந்தில் பகல் முழுக்க இருக்கிற ஒரே ஆள் சிலுவையம்மாள்தான்.

அக்டோபர் ஒன்றாம் தேதி வானம் மூட்டமாக இருந்தது. டில்லிபாபு முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தார்.

“வா ஆயா. வந்து ஒரு தபா எண்ணிப் பாத்துரு.”

அவள் வாசற்படியில் நின்று எண்ணினாள்.

“பதினொண்ணும் கீது.”

“அல்லாம் நல்லாகீதா?”

“நல்லாகீது.”

“அப்ப இங்க கையெயுத்துப் போடு.”

மடங்காத விரலில் பேனாவைச் செருகிப் போட்டாள். ஏழு எழுத்துக்கும் நேரமாயிற்று. டில்லிபாபு பொறுமையாக நின்றார். பிறகு படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தப் போனார்.

“இரு நைனா” என்றாள் சிலுவையம்மாள். “அந்த மூலைல ஓடு ஒடஞ்சிகீது. மய வந்தா நேரா அங்கதான் கொட்டும். நா அந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்கவே மாட்டேன். அந்த ரோசு போன கொஞ்சம் இப்டி நவுத்தி வெய்யி.”

டில்லிபாபு உள்ளே போய் அதை எடுத்து, அவள் தலை வைத்துப் படுத்த பக்கத்தில் வைத்தார். வெளியே வந்து பூட்டினார்.